மெத்தென்று வைத்த வண்டி

கும்மிடிப்பூண்டி
4 பிப்ரவரி 2024

அக்கா,

என் நம்பரை நீ பிளாக் செய்துவிட்டாய். அதனால்தான் பள்ளிக்கூடம் முடித்த பிறகு கையெழுத்துக்கு மட்டுமே பிடித்த பேனாவை இன்று எடுக்கிறேன். வீட்டில் தொடங்கிய இதை உன் ஊர் ஸ்டேஷனருகே நிறுத்தி முடித்து, காரின் டேஷ்போர்டுப் பெட்டியில் வைக்கிறேன். படிப்பதும் கிழிப்பதும் உன் இஷ்டம்.

குப்புராஜ் மாமா சொன்னபடி அம்மா ஒரு மாதம் என்னிடம், ஒரு மாதம் உன்னிடம். மாதத்தின் முதல் ஞாயிறு கைமாற்றம். நைனா போன பிறகு வந்த என் முறை முடிந்தது. அம்மாவையும் காரையும் உன் வாசலில் விட்டுவிட்டு, சாவியைச் செருப்பு ஸ்டாண்டில் வைத்துவிட்டு, நான் திருநின்றவூர் ஸ்டேஷனுக்கு நடந்துவிடுவேன். உள்ளே வரமாட்டேன். கருமாதிப் பந்தலில் நீ என்னைப் பார்த்துச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

அம்மா வேறு எந்த வண்டியிலும் ஏறாது என்பது உனக்கே தெரியும். பஸ், ஆட்டோ, டாக்சி எதில் ஏறினாலும் வாந்தி. நைனாவின் இந்த இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் காரில் மட்டும் முப்பது வருஷமாக ஒரு ஏப்பம்கூட விட்டதில்லை. இரும்பாலை முதலாளி ஜப்பானிலிருந்து இறக்கி, ஓட்டி அலுத்து, கடைசியில் டிரைவரான நைனாவுக்கே எழுதிக் கொடுத்த வண்டி. அதில் ஏறினால்தான் அம்மாவுக்குப் பயணமே.

ஆனால் அக்கா, இந்த வண்டி கட்டை வண்டி மாதிரி இருக்கிறது. கிளம்பும் முன் முன்பக்கத்தை அமுக்கிப் பார்த்தேன், அசையவே இல்லை. உனக்கு ஞாபகம் இருக்கும், இதன் ஷாக் அப்சார்பர் எலெக்ட்ரானிக். ஸ்விட்சைத் தட்டினால் கெட்டியாகும், மறுபடி தட்டினால் மெத்தென்றாகும் என்று முதலாளி பெருமை பேசுவார். அந்த மோட்டார்கள் எப்போதோ செத்துவிட்டன. நைனா அவற்றைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஒவ்வொரு ஷாக்கின் தலையிலும் நீட்டிக்கொண்டிருக்கும் சின்னக் கம்பியைக் கையாலேயே திருப்புவார். வலப்பக்கம் திருப்பினால் கெட்டி, இடப்பக்கம் மெத்து. நாலு சக்கரத்துக்கு நாலு கம்பி. நாலும் முழுக் கெட்டியில் இருந்தன. அம்மாவின் இடுப்புக்கு இது ஆகுமா? குறடு போட்டு நாலையும் முழு மெத்துக்குத் திருப்பிவிட்டுத்தான் கிளம்பினேன்.

வண்டி தொட்டில் மாதிரி போனது. சோழவரம் ஏரி தாண்டுவதற்குள் அம்மா வாந்தி எடுத்தது. ரெட்ஹில்ஸில் இன்னொரு முறை. இத்தனை வருஷம் இல்லாத வாந்தி உன் வீட்டுக்குப் போகும்போது மட்டும் ஏன் வருகிறது? நான் ஒன்றும் சொல்லவில்லை, நீயே யோசி.

பின்குறிப்பு: நைனா அந்தக் கம்பியைத் திருப்ப ஒரு பித்தளைச் சாவி வைத்திருந்தார். காணோம். கருமாதியன்று நீ எடுத்துப்போன சாமான்களில் இருக்கிறதா பார்.

சசிகுமார்


திருநின்றவூர்
3 மார்ச் 2024

சசி,

கிழிக்கவில்லை. படித்தேன். இரண்டு முறை.

பந்தலில் நான் சொன்னது மட்டும் உனக்கு ஞாபகம் இருக்கிறது. அதற்கு முன் நீ சொன்னது? "பொண்ணு ஊட்ல ஆத்தா குந்திக்கினு இருந்தா ஊரு இன்னா சொல்லும்?" சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் கேட்டாய். பெற்றவளைப் பார்த்துக்கொள்ள எனக்குப் பாத்தியதை இல்லை என்றாய். அதற்குத்தான் பதில் சொன்னேன். கூடுதலாக ஒரு வார்த்தையும் இல்லை.

நைனாவின் பித்தளைச் சாவி என்னிடம் இல்லை. நான் எடுத்துவந்தது அவருடைய கண்ணாடியும் ஒரு சட்டையும்தான். சந்தேகம் தீரவில்லை என்றால் வந்து பீரோவைத் திறந்து பார்.

போன மாதம் அம்மா என் வாசலில் இறங்கியபோது முகம் வெளுத்து, நிற்கக்கூட முடியாமல் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டது. அன்று காலை என்ன கொடுத்தாய்? உன் பெண்டாட்டி பிரேமா முந்தின நாள் கருவாட்டுக் குழம்பைச் சுடவைத்து ஊற்றினாளா? மூன்று நாள் கஞ்சிதான் இறங்கியது. நான்காம் நாள்தான் பழைய அம்மாவாக எழுந்து, என் சாம்பாரில் புளி கம்மி என்று குறை சொல்லத் தொடங்கியது. அப்போதுதான் எனக்கு உயிர் வந்தது.

இப்போது முக்கியமான விஷயம். நீ மெத்தில் வைத்ததாக எழுதியிருக்கிறாய். ஒரு மாதமும் கார் உறையோடுதான் நின்றது, நான் தொடவில்லை. இன்று காலை கிளம்பும் முன் பானெட்டைத் திறந்து பார்த்தால் முன்னால் இரண்டும் முழுக் கெட்டி. பின்னால் டிக்கியில் கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்த்தேன், அவையும் கெட்டி. தொழிற்சாலையில் நாள் முழுக்க அளவு சரிபார்ப்பதுதான் என் வேலை. எனக்குக் கெட்டி எது மெத்து எது என்று தெரியும். செய்யாத வேலையைச் செய்தேன் என்று ஏன் எழுதுகிறாய்? வாந்திக்கு என் வீடு காரணம், உன் கை காரணம் இல்லை என்று காட்டவா?

நான் நாலையும் மெத்துக்கு மாற்றித்தான் வண்டியை எடுத்தேன். அப்படியும் காரனோடை பாலம் ஏறுவதற்குள் அம்மா வாந்தி எடுக்கப் பையைத் தேடியது. உன் வீட்டுக்குப் போகும் வழியில். நானும் ஒன்றும் சொல்லவில்லை.

கல்பனா


கும்மிடிப்பூண்டி
7 ஏப்ரல் 2024

அக்கா,

கருவாட்டுக் குழம்பா? பிரேமா இதைப் படித்துவிட்டு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. உன் கடிதத்தை இனிமேல் ஒளித்துவைத்துத்தான் படிக்க வேண்டும் போலிருக்கிறது.

நைனா படத்தின் மீது சத்தியமாகச் சொல்கிறேன், நான் மெத்தில்தான் வைத்தேன். அது கிடக்கட்டும். நீ மெத்துக்கு மாற்றியதாகச் சொன்னாயே? இன்று காலை பார்த்தேன். நாலும் கெட்டி. நானும் இந்த மாதம் வண்டியை எடுக்கவில்லை. இரண்டு ஷிப்ட் மாறி மாறிப் பார்க்கிறேன், எனக்கு எங்கே நேரம்? தெருவில் உறை போட்டு நின்ற வண்டியின் கம்பி தானாகத் திரும்புமா?

போன மாதம் உன் கடிதத்தைப் படித்ததும் ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். ஒன்று தோன்றியது. நீ பானெட்டுக்கு முன்னால் நின்று திருப்பியிருப்பாய், நான் பக்கவாட்டில் நின்று திருப்புவேன். இடம் வலம் மாறிப் போயிருக்கலாமே என்று பிரேமாவிடம் சொன்னேன். அவள் ஒரு பாட்டிலைத் தரையில் வைத்து, நாலு பக்கமும் நின்று மூடியைத் திருகிக் காட்டினாள். "எங்க நின்னு திருகுனாலும் மூடி ஒரே பக்கமாத்தான் தொறக்குது. உங்க மூளைதான் மாறிப்பூட்ச்சி" என்றாள். எங்கே நின்றாலும் மேலிருந்து பார்த்தால் வலம் வலம்தான். அந்தக் கணக்கும் போயிற்று.

இனி மீதி இருப்பது ஒன்றுதான். நம்மில் ஒருவர் பொய் சொல்கிறார். நான் சொல்லவில்லை.

அம்மா போன மாதம் வந்து இறங்கியதும் நேராகவே ஒரு வார்த்தை கேட்டேன், அக்கா வீட்டில் ஏதாவது மனக்கஷ்டமா என்று. "இன்னாடா பேசற, கல்பனா என்னிய தங்கமா பாத்துக்குது" என்றது. உன்னிடம் கேட்டால் என்னைத் தங்கம் என்று சொல்லும். இரண்டு தங்கத்துக்கு நடுவில் ஏன் இப்படித் தேய்கிறது? ரவிக்கையெல்லாம் தொளதொள என்றாகிவிட்டது.

மறுபடியும் மெத்துக்கு மாற்றியிருக்கிறேன். வழக்கப்படி சோழவரத்தில் வாந்தி.

சசிகுமார்


திருநின்றவூர்
5 மே 2024

சசி,

அம்மாவைத் திருவள்ளூரில் டாக்டரிடம் காட்டினேன். ரத்தம், ஸ்கேன், எல்லாம் எடுத்தார்கள். எதிலும் குறை இல்லை. எடை மட்டும் குறைந்துகொண்டே வருகிறது. "அலைச்சல் வேணாம்மா, ஒரே எடத்துல வெச்சுப் பாருங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அதனால் நான் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். இந்த மாதம் அம்மா உன்னிடம் இருக்கட்டும். ஜூனில் இங்கே வந்தால் பிறகு இங்கேயே இருக்கட்டும். நீ ஷிப்ட் மாறி மாறி ஓடுகிறாய், பிரேமாவும் வேலைக்குப் போகிறாள். பகல் முழுக்க அம்மா தனியாகக் கிடக்கிறது. எனக்கு நாலரைக்கே வேலை முடிகிறது. இதில் வீம்பு இல்லை.

ஷாக் விஷயத்தை எழுதவேண்டாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் மனசு கேட்கவில்லை. இன்று காலையும் நாலும் கெட்டி. சசி, இதில் உனக்கு என்ன கிடைக்கிறது? அம்மாவின் இடுப்பு நோகட்டும், அக்கா வீட்டில் போய் நோகட்டும் என்றா? இல்லை, நானே என்னை அறியாமல் செய்கிறேனா? நேற்று இரண்டு முறை எழுந்துபோய் காரைப் பார்த்துவிட்டு வந்தேன், என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. குழப்பமாக இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அம்மாவுக்கு என் வீடு பிடிக்கவில்லையா? உனக்குத் தெரிந்தால் சொல்லிவிடு. நான் அழமாட்டேன்.

கல்பனா


கும்மிடிப்பூண்டி
2 ஜூன் 2024

அக்கா,

நீயே முடிவெடுத்துவிட்டாய். நல்லது. நானும் எடுத்திருக்கிறேன். இந்த மாதம்தான் அம்மா உன்னிடம் இருக்கும் கடைசி மாதம். ஜூலையில் கொண்டுவந்து விட்டதும் இந்த ஆட்டம் முடிந்தது. அது வாழ்ந்த வீடு, நைனா உயிர்விட்ட வீடு. இங்கேதான் அதற்கு நிம்மதி. வேண்டுமானால் பிரேமா வேலையை விட்டுவிடுகிறாள், பேசிவிட்டோம்.

நீ கேட்டதற்குப் பதில் எனக்குத் தெரியவில்லை. இதே கேள்வியை நானும் பிரேமாவிடம் கேட்டேன், என் வீடு அம்மாவுக்குப் பிடிக்கவில்லையா என்று. நீ அழுதாயா தெரியாது. நான் அழுதேன்.

இன்று காலை பார்த்தேன், நாலும் கெட்டி. நீ எப்படியும் நம்பமாட்டாய். அதனால் எங்கள் கம்பெனி மெயின்டெனன்ஸ் செக்‌ஷனில் செய்வதைச் செய்திருக்கிறேன். நாங்கள் ஒரு நட்டை இறுக்கினால் அதன் மேலிருந்து பக்கத்து இரும்பு வரை வெள்ளைப் பெயின்டில் ஒரு கோடு போடுவோம். நட்டு இம்மி அசைந்தாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். நாலு கம்பியையும் மெத்தில் வைத்து, நாலிலும் கோடு போட்டிருக்கிறேன். ஜூலையில் கோடு உடைந்திருந்தால் உடைத்தது உன் வீட்டுக் கைதான். வேறு கை அங்கே இல்லை.

அம்மா இந்த முறை மூன்று தடவை வாந்தி எடுத்தது. அவுட்டர் ரிங் ரோடு ஓரத்தில் நிறுத்தி, முகத்தைத் துடைத்துவிட்டு, நானும் பக்கத்தில் குந்திக்கொண்டேன். "ஒன்னியும் இல்லடா, கெளம்பு" என்றது. எனக்குத்தான் கிளம்ப முடியவில்லை.

சசிகுமார்


கும்மிடிப்பூண்டி, உன் தெருமுனை
7 ஜூலை 2024

சசி,

இதைக் காரிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். அம்மா பக்கத்து சீட்டில் தண்ணீர் பாக்கெட்டைக் கடித்துக் குடித்துக்கொண்டு, இன்னும் எவ்வளவு நேரம் எழுதுவாய் என்று கேட்கிறது. கடிதம் முடிந்ததும்தான் உன் வாசலுக்கு வருவேன். உன் முகத்தைப் பார்த்தால் இதைச் சொல்ல வராது.

ஜூன் முழுக்க உன் வெள்ளைக் கோட்டுக்குக் காவல் இருந்தேன். வேலைக்குப் போகும்முன் ஒரு முறை, வந்ததும் ஒரு முறை பானெட்டைத் தூக்கிப் பார்ப்பேன். பக்கத்து வீட்டு சாராள் அக்கா, வண்டிக்குள் பூனை குட்டி போட்டிருக்கிறதா என்று கேட்டார்கள். கோடு அப்படியே இருந்தது. நேற்று சனிக்கிழமை மதியம் வரை அப்படியே இருந்தது.

நேற்று தொழிற்சாலையில் மின்சாரக் கோளாறு, சீக்கிரம் விட்டுவிட்டார்கள். நான் தெருவில் நுழைந்தபோது காரின் உறை பாதி விலகி, பானெட் திறந்திருந்தது. யாரோ பேட்டரியைக் கழற்றுகிறான் என்று நினைத்து ஓடினேன். நம் அம்மா. புடவைத் தலைப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு, நைனாவின் பித்தளைச் சாவியைக் கம்பியில் மாட்டி, அது நிற்கும் வரை திருப்பிக்கொண்டிருந்தது. திருப்பியதும் அந்தச் சக்கரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. பிறகு அடுத்த சக்கரம்.

இன்னாம்மா பண்ற என்று கேட்டேன்.

"நாளைக்கு வண்டி கெளம்புதில்ல? உங்க நைனா மொத நாளே நாலு சக்கரத்துக்கும் இதத் திருகி வெச்சிருவாரு. அவரு திருகினே வருவாரு, பின்னாலயே நான் எலுமிச்சம்பழம் எடுத்து வெச்சுக்கினு வருவேன். இத்தினி வருசத்துல தவறுனதே இல்ல. சாமி காரியம் மாதிரிடி" என்றது.

சாவி எங்கே இருந்தது தெரியுமா? எலுமிச்சம்பழமும் கற்பூரமும் வைக்கிற மஞ்சள் துணிப் பையில். நீ என்மேல் திருட்டுப் பட்டம் கட்டிய சாவி ஒவ்வொரு பயணத்திலும் அம்மாவின் மடியில்தான் இருந்திருக்கிறது.

திருப்பினால் என்ன ஆகும் என்று கேட்டேன். "இன்னா ஆவும்? நல்லபடியா போய் சேருவோம்" என்றது. கெட்டி, மெத்து எதுவும் அதற்குத் தெரியாது. கிளம்பும் காலையில் நானும் நீயும் குறடோடு போய்த் திருப்புவதையும் பார்த்திருக்கிறது. நைனா செய்ததைப் பிள்ளைகளும் விடாமல் செய்கிறார்கள் என்று அதற்கு அவ்வளவு சந்தோஷமாம். அதனால்தான் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இரவெல்லாம் யோசித்தேன். நீ பொய் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அப்படியானால் வாந்தி? நைனா கெட்டியில் ஓட்டினார், அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. நாம் மெத்தில் ஓட்டினோம். ஆனால் மெத்தென்று இருப்பது எப்படி ஒரு மனுஷியை வாட்டும்? என் புத்திக்கு எட்டவில்லை. எங்கேயோ ஒரு அளவு தப்பியிருக்கிறது என்று மட்டும் தெரிந்தது.

இன்று காலை குறடைக் கையில் எடுத்தேன். பிறகு வைத்துவிட்டேன். அம்மா திருப்பியபடியே வண்டியை எடுத்தேன். ரோட்டில் இருந்த ஒவ்வொரு கல்லும் என் முதுகில் பேசியது. சோழவரம் வந்தது, பயத்தில் பையை எடுத்து அம்மா மடியில் வைத்தேன். அம்மா ஏரியில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று எட்டிப் பார்த்தது. காரனோடையில் கொய்யாப்பழம் கேட்டது. உப்பு மிளகாய்த்தூள் போட்டு வாங்கிக் கொடுத்தேன். கவரைப்பேட்டை தாண்டும்போது குறட்டை.

இனி அம்மா யாரிடம் இருக்க வேண்டும் என்று நான் எழுதப்போவதில்லை. இறங்கியதும் அதன் முகத்தைப் பார். பிறகு நீ சொல்.

கல்பனா


கும்மிடிப்பூண்டி
14 ஜூலை 2024

அக்கா,

கார் இங்கே நிற்கிறது, அடுத்த மாதம் வரை காத்திருக்க முடியாது. அதனால் தபாலில் போடுகிறேன். போஸ்ட் ஆபீஸில் கவர் கேட்டபோது அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள்.

அன்று நான் கதவைத் திறப்பதற்குள் நீ தெருமுனை திரும்பிவிட்டாய். அம்மா வாசலில் நின்றிருந்தது. வாசல் கம்பியைப் பிடிக்கவில்லை. முதல் வார்த்தை, "பசிக்குதுடா, நாஷ்டா இன்னா இருக்குது?" பிரேமா ஓடிப்போய் மாவை எடுத்தாள். ஆறு தோசை அக்கா. ஏழாவதற்கு மாவு இல்லை. நான் சமையலறையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றேன்.

உன் கடிதத்தை அதன்பிறகுதான் படித்தேன். நம்பவில்லை. அதனால் சோதித்துப் பார்த்தேன். நாலையும் மெத்தில் வைத்து, பிரேமாவை ஓட்டச் சொல்லி, அம்மா உட்காரும் சீட்டில் நான் உட்கார்ந்தேன். ஓட்டுகிறவனுக்கு ஒன்றும் தெரியாது அக்கா, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம் இல்லையா. பக்கத்தில் உட்கார்ந்தால்தான் தெரிகிறது. ஒரு பள்ளத்தில் இறங்கினால் வண்டி ஏறி இறங்கி, ஏறி இறங்கி, நிற்கவே மாட்டேன் என்கிறது. பழவேற்காட்டில் படகில் போவது மாதிரி. கவரைப்பேட்டை வருவதற்குள், வண்டியை நிறுத்து என்றேன். பிரேமா இன்னும் தெருவெல்லாம் சொல்லிச் சிரிக்கிறாள். பிறகு கெட்டியில் வைத்து அதே ரோட்டில் திரும்பினோம். முதுகு வலித்தது, ஆனால் வயிறு புரட்டவே இல்லை.

இதெல்லாம் எனக்கு முழுசாகப் புரிந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். அம்மாவுக்கு நோகக்கூடாது என்றுதானே நாம் இருவரும் அதை மெத்தென்று வைத்தோம்?

அம்மாவிடம் போய்ச் சொன்னேன். வாந்திக்குக் காரணம் நாங்கள்தான், நாங்கள் திருப்பியதுதான் என்று. ரொம்ப நேரம் சாவியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. கோபப்படும் என்று நினைத்தேன்.

"அவரு பக்கத்துல இல்லாம இந்த வண்டியில குந்தறதுக்கு ஒடம்பு ஒத்துக்கலைன்னுல்ல நெனச்சிக்கினு இருந்தேன். இனிமே இப்டித்தான், செத்தாதான் தீரும்னு இருந்தேன்டா. வண்டிதானா?" என்றது.

நான் உன் வீடு என்றேன், நீ பிரேமாவின் குழம்பு என்றாய். அம்மா அதை யாரிடமும் சொல்லாமல் நைனாவின் கணக்கில் எழுதிவைத்து, ஆறு மாதம் சுமந்திருக்கிறது. "வண்டிதானா" என்று கேட்டுவிட்டுச் சிரித்தது பார், நைனா போனதிலிருந்து நான் பார்க்காத சிரிப்பு. நீ பார்த்திருக்க வேண்டும்.

இனி யாரிடம் இருக்கும் என்றும் கேட்டுவிட்டேன். ஒரு மாதம் இங்கே, ஒரு மாதம் அங்கே, அதில் மாற்றமில்லை என்றது. அலைச்சல் வேண்டாம் என்றாரே டாக்டர் என்று இழுத்தேன். "அவரு வாந்தியப் பாத்து சொன்னாரு, அதான் நின்னுபூட்ச்சே. எனக்கு ஏரியப் பாக்கணும், கொய்யாப்பழம் துன்னணும்" என்றது. எடை ஏறுகிறதா என்று மட்டும் நீ மறுபடி காட்டு.

பந்தலில் நான் கேட்டது தப்பு. அது பொண்ணு ஊடு இல்லை, அக்கா ஊடு.

ஆகஸ்டிலிருந்து ஒரு மாற்றம். கொண்டுவந்து விடுவது வேண்டாம், யார் முறையோ அவர்களே வந்து கூட்டிப்போவோம். இந்த முறை உன் முறை. சனிக்கிழமையே ரயிலேறி வா. கம்பியை அம்மா திருப்பட்டும், நீயும் நானும் கிட்டப் போகவேண்டாம். கார் சாவியைச் செருப்பு ஸ்டாண்டில் வைக்கமாட்டேன், என் சட்டைப் பையில்தான் இருக்கும். உள்ளே வந்து கேட்டால்தான் தருவேன்.

சசி